பாண்கடையில் தெரிந்தவர்கள்

பாரிசில் பொன்ஜூர் சொல்லாமல் ஒரு கடைக்குள் நுழைகிறவரை மனிதக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வந்த புதிதில் தபாற்கந்தோரில் முத்திரை கேட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவள் "பொன்ஜூர்" என்றாள். நான் மறுபடியும் முத்திரை கேட்டேன். அவளும் மறுபடியும் "பொன்ஜூர்" என்றாள். பாவம், காது மந்தம் போலும் என்று நினைத்து இன்னும் சத்தமாகக் கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து கணவரிடம், "இஞ்சை முத்திரை வாங்கவும் முதல் கும்பிடு போட வேணுமாம்" என்று கத்தினேன்.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பானாம். எனக்கு பிரெஞ்சு மரியாதை பிடிபட்ட பிறகு அந்தக் கதைதான். பேருந்துச் சாரதிக்கு பொன்ஜூர், இறங்கும்போது மெர்சி. மெத்ரோ நிலையத்துக் கதவை எனக்குப் பின்னால் வருகிறவருக்காகப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என் காலை மிதித்தவரிடம் நானே மன்னிப்புக் கேட்பேன். லா ஷப்பல் நிலையத்துப் படிகளில் குழந்தை வண்டிலோடு ஒரு தாய் நின்றால், என் இடுப்பு வலியை மறந்து முன்பக்கத்தைத் தூக்குவேன். மேலே போனதும் அவள் மூச்சு வாங்கியபடி சொல்லும் அந்த மெர்சிக்காகவே தூக்கினேன் என்றுகூடச் சொல்லலாம். ஊர் பேர் தெரியாத ஒருத்தி நம்மை நிமிர்ந்து பார்த்துச் சொல்கிற வார்த்தையில் ஒரு சுகம் இருந்தது.

எங்கள் தமிழ்க் கடைகளுக்குள் போனால்தான் எனக்கு எரிச்சல் வரும். முருங்கைக்காயைத் தராசில் எறிந்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் "வேற?" என்பார்கள். "ஒரு வணக்கம் சொன்னால் வாய் தேய்ஞ்சு போமோ?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். கடைக்காரர் அசரவில்லை. "அக்கா, நீங்கள் வெள்ளைக்காரியாகி கனகாலம். உங்களுக்கு ஏன் முருங்கைக்காய்?" என்றார். கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

எங்கள் கட்டடத்திலிருந்து இரண்டு வாசல் தள்ளி, ரொட்டி சுட்டு விற்கும் ஒரு பாண்கடை. அதன் முதலாளியம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். நான் கதவைத் திறந்தவுடன், "பொன்ஜூர் மதாம், வழமைபோலத்தானே?" என்பாள். அந்த "வழமைபோல"வில்தான் நான் விழுந்தேன். இவ்வளவு பெரிய நகரத்தில், நான் வாய் திறக்காமலே எனக்கு என்ன வேண்டும் என்று ஒருத்திக்குத் தெரிகிறது. எனக்கு இருமல் வந்தால் விசாரிப்பாள். வெயில் அடித்தால் அதைப் பற்றி இருவரும் மகிழ்ச்சியாகப் பேசிக்கொள்வோம். மகள் பள்ளி முடிக்கும் பாக் பரீட்சை பாஸ் பண்ணிய அன்று, காசு வாங்காமல் எலுமிச்சைத் தார்த் என்ற சின்ன இனிப்பு ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். தைப்பொங்கலுக்கு நான் வடை கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, ஒரு கையை நெஞ்சில் வைத்து, "எவ்வளவு நல்ல மனம் உங்களுக்கு" என்றாள். வேலையிடத்தில் அவளைப் பற்றிப் பேசும்போது "எங்கட தெரிஞ்ச மனிசி" என்றே சொல்வேன்.

அந்தக் கடையில் பாண் போடுகிறவர் தமிழர். பாரிசில் எத்தனையோ பாண்கடைகளில் போறணை அடுப்புக்கு முன்னால் நிற்பது எங்கள் ஆட்கள்தான். பாண் அடுக்கிய தட்டுகளுக்குப் பின்னால் ஒரு சிறிய யன்னல் உண்டு. அதற்குள்ளிருந்து ஒருநாள், "அக்கா, நல்லா முறுகினதா ஒண்டு தரட்டோ?" என்று ஒரு குரல் கேட்டது. இமையெல்லாம் மாப்படிந்த முகம். வவுனியாப் பக்கம், நாற்பது வயதைத் தொட்டவர். நான் தம்பி என்றேன், அவர் அக்கா என்றார், அன்றே என் கணவர் அவருக்கு அத்தான் ஆகிவிட்டார். புறநகர் எபினேயில் நாலைந்து பேரோடு ஓர் அறையில் இருந்தார். அவருக்குக் காய்ச்சல் என்று அறிந்தால் ரசம் வைத்துக் கணவரிடம் கொடுத்தனுப்புவேன். வருசப்பிறப்பு, தீபாவளி எல்லாம் எங்கள் வீட்டில்தான். கேட்காமலே குசினிக்குள் போய் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொள்வார். எனக்கு இங்கே கூடப் பிறந்தவர்கள் யாருமில்லை. அதனால் அந்த உரிமை எனக்குப் பிடித்திருந்தது.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ருவாசி விமான நிலையத்தில், வந்திறங்கும் விமானங்களுக்குள் ஏறிச் சுத்தம் செய்கிறேன். உள்ளே போவதற்குக் கழுத்தில் ஒரு பாட்ஜ் இருக்கும். அது இல்லாவிட்டால் வேலை இல்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிப்பார்கள். அப்போது பொலிசிடம் நம் பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கூசேன்வில்லில் இருக்கும் ஒரு வேலைத்தோழியின் மருமகனுக்கு, எங்கோ ஒரு சண்டையில் பெயர் எழுதப்பட்டதால் பாட்ஜ் திரும்ப வரவே இல்லை. என் கணவருக்கு முதுகு போய் வேலையை விட்டாயிற்று. மகள் சென் தெனியில் படிக்கிறாள். அந்தக் குளிர்காலத்தில் என் பாட்ஜைப் புதுப்பிக்க விண்ணப்பம் கொடுத்திருந்தார்கள், புதியது வரும்வரை பழையதுதான் கழுத்தில். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்தப் பிளாஸ்டிக் துண்டில்தான் என்பது மூவருக்கும் தெரியும்.

அன்று சனிக்கிழமை, எனக்குப் பின்னேர வேலை. முற்பகலில், வேலை உடுப்போடு, பாணுக்கு மட்டும் சில்லறையைக் கையில் பொத்திக்கொண்டு இறங்கினேன். கைப்பையும் அடையாள அட்டையும் வீட்டில். இரண்டு வாசல் தள்ளிப் போவதற்கு யார் அதெல்லாம் கொண்டு போவார்கள்?

பாண்கடை வாசற்படியில் ஒரு பெண் குழந்தை வண்டிலை ஏற்ற முடியாமல் நின்றாள். நல்ல கம்பளிக் கோட்டு, கையில் தொலைபேசி. நான் குனிந்து முன்பக்கத்தைத் தூக்கி உள்ளே விட்டேன். "மில் மெர்சி, மதாம்" என்றாள். ஆயிரம் நன்றி. நான் வழக்கம்போலக் குளிர்ந்துபோனேன். குழந்தையைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றேன்.

அவளுடைய முறை வந்தது. வண்டிலின் பிடியில் மாட்டியிருந்த பைக்குள் கைவிட்டாள். மறுபடியும் விட்டாள். பைக்குள் இருந்ததையெல்லாம் மேசையில் கொட்டினாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். "என் பணப்பை. வண்டிலைத் தொட்டது நீங்கள் மட்டும்தான்."

முதலில் எனக்கு விளங்கவில்லை. உதவி செய்யத்தான் கேட்கிறாளாக்கும் என்று குனிந்து தரையில் தேடத் தொடங்கினேன். "தேடுவதுபோல நடிக்கிறாள்!" என்று அவள் கத்தினாள். எங்கள் தெருவில் கள்ளச் சிகரெட் விற்கிறவர்களைத் துரத்த எப்போதும் பொலிஸ் நடமாட்டம் உண்டு. யாரோ வெளியே போய்க் கூப்பிட, இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். அவர்களும் பொன்ஜூர் சொல்லிக்கொண்டுதான் வந்தார்கள்.

ஜாக்கெட்டைத் திறக்கச் சொன்னார்கள். பைகளைப் புரட்டச் சொன்னார்கள். சில்லறை தரையில் விழுந்து உருண்டது, யாரும் பொறுக்கித் தரவில்லை. அடையாள அட்டை கேட்டார்கள். வீட்டில் என்றேன். அப்போதுதான் அந்தப் புத்திகெட்ட வேலையைச் செய்தேன். நான் மரியாதையான ஆள், அரசாங்கமே நம்பி விமானத்துக்குள் விடும் ஆள் என்று காட்டுவதற்காக, சட்டைக்குள்ளிருந்த பாட்ஜை வெளியே இழுத்துக் காட்டினேன். பொலிஸ்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அதன் இலக்கத்தைத் தன் கருவியில் பதியத் தொடங்கினார். பொல்லுக் கொடுத்து அடி வாங்குவது என்பார்களே, அதைத்தான் செய்திருந்தேன்.

"இங்கே உங்களைத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?" என்று மற்றவர் கேட்டார்.

எனக்கு உயிர் வந்தது. இருக்கிறார்களே! சிரித்துக்கொண்டே முதலாளியம்மாவைப் பார்த்தேன். "மதாமைக் கேளுங்கள். நான் தினமும் வருகிறவள். மதாமுக்கு என்னை நன்றாகத் தெரியும்."

அவள் ஒரு தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியை வைத்துவிட்டு, பொலிஸ்காரரைப் பார்த்து, அதே இனிமையான குரலில் சொன்னாள். "இல்லை, மிசியூ. இவர் ஒரு வாடிக்கையாளர். எனக்கு இவரைத் தெரியாது."

நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் வருகிறார்கள்" என்று மட்டும் சேர்த்துக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னால் அந்தச் சிறிய யன்னல். அதற்குள் தம்பியின் முகம் இருந்தது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் இருவருடைய கண்களும் சந்தித்தன. நான் வாயைத் திறந்தேன். தம்பி என்ற சொல் தொண்டைக்குள் எங்கோ சிக்கிக்கொண்டது. காற்று மட்டும் வந்தது. அவர் கண்களைத் தாழ்த்தினார், திரும்பினார், யன்னல் வெறுமையானது. உள்ளே போறணைக் கதவு அடிபடும் சத்தம் கேட்டது.

பணப்பை கிடைத்தது. குழந்தையைத் தூக்கியபோது அதன் பின்பக்கத்துக்குக் கீழே, போர்வை மடிப்புக்குள் இருந்தது. குழந்தை அதன் மேலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. "அய்யோ, மன்னியுங்கள், எனக்கு ஒரே பதற்றம்" என்றாள் கோட்டுக்காரி. "எல்லாம் சரி, நல்ல நாளாக அமையட்டும் மதாம்" என்றார் பொலிஸ்காரர். என் வாய் தன்பாட்டில், "மெர்சி, மிசியூ" என்றது. என் மடியைச் சோதித்தவனுக்கு மெர்சி! அந்த நிமிடத்தில் என் வாயில் நானே ஒரு அறை விட்டிருப்பேன்.

முதலாளியம்மா முறுகிய பகெத் பாண் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி நீட்டினாள். "வேறென்ன வேண்டும், மதாம்?" என்று கேட்டாள். நான் பாணை வாங்காமல் வெளியே வந்தேன்.

வீட்டில் கணவர் கேட்ட முதற்கேள்வி, "உமக்கென்ன விசரே? ஆரோ ஒருத்தியின்ர வண்டிலை நீர் ஏன் தூக்கப் போனனீர்?" இரண்டாவது, "பாட்ஜ் நம்பரை எழுதினவங்களோ?" ஓம் என்றேன். அவர் முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு இருந்துவிட்டார்.

மாலையில் மகளிடம் சொன்னபோது, அவளாவது என்னோடு சேர்ந்து கொதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பிரெஞ்சில் பொறுமையாக விளக்கம் சொன்னாள். அந்த முதலாளியம்மா பொய் சொல்லவில்லையாம். நான் திருடினேன் என்றும் சொல்லவில்லையாம். "அம்மா, அவவின்ர பேர் உங்களுக்குத் தெரியுமா?" என்று பிறகு தமிழில் கேட்டாள். எனக்குத் தெரியாது. "அவவுக்கும் உங்கட பேர் தெரியாது. அவ பொலீ, அவ்வளவுதான்." பொலீ என்றால் மரியாதையானவள்.

"வடையைத் திண்ணேக்கை தெரிஞ்சதோ என்னை?" என்று கத்தினேன். மகள் தோளைக் குலுக்கிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அந்த மனிசியைத் திட்ட எனக்கு வாய் நிறையச் சொல் இருந்தது. வேலையிடத்தில் திட்டினேன், தமிழ்க் கடையில் மரக்கறி பொறுக்கிக்கொண்டே திட்டினேன். ஆனால் யன்னலில் இருந்த முகத்தைப் பற்றி யாரிடமும், கணவரிடமும்கூட, மூச்சு விடவில்லை. வெள்ளைக்காரி கைவிட்டாள் என்றால் கோபம் வரும், ஊரைக் கூட்டிச் சொல்லலாம். என் சோற்றை உரிமையோடு போட்டுத் தின்றவர் முகத்தைத் திருப்பினார் என்பதை எந்த வாயால் சொல்வது? எனக்குத் துரோகம் செய்தவர் என்று இரவு படுக்கையில் நினைப்பேன். பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ என்று அடுத்த நிமிடம் நானே அவருக்காக வாதாடுவேன். வாதாடி முடிந்ததும் மறுபடி நெஞ்சு எரியும். அவரும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

நான் மாறிப்போனேன். லா ஷப்பல் படிகளில் ஒருத்தி குழந்தை வண்டிலோடு நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். நான் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு அவளைக் கடந்து போனேன். மேலே போய்த் திரும்பிப் பார்த்தேன், அவள் இன்னும் அங்கேயே நின்றாள். எனக்கு அழுகை வந்தது, ஆனாலும் இறங்கிப் போகவில்லை. பாணை சுப்பர்மார்க்கெட்டில் பிளாஸ்டிக் பையில் சுற்றியதாக வாங்கினேன். கணவர் அதைப் பஞ்சு என்றார். பஞ்சென்றாலும் தின்னுங்கோ என்றேன்.

ஒருநாள் முதலாளியம்மா கடை வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "பொன்ஜூர் மதாம்! உங்களை இப்போது காணவே கிடைக்கவில்லையே!"

"தெரியாத ஆள் வராவிட்டால் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். எனக்கு வராத பிரெஞ்சு அன்று தடங்கலில்லாமல் வந்தது. அவள் முதலில் விளங்காமல் பார்த்தாள், பிறகு விளங்கியது. "ஆனால் மதாம், பொலிசிடம் உண்மையைத்தானே சொல்ல வேண்டும்?" என்றாள். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. என்னை நோகடித்துவிட்டோமோ என்ற கவலைகூடத் தெரிந்தது. அவளிடம் இனிச் சண்டை போட ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.

பாட்ஜ் வருமா வராதா என்று பயந்துகொண்டே குளிர்காலம் முழுவதும் விமானங்களைக் கூட்டினேன். மேற்பார்வையாளர் கூப்பிடும்போதெல்லாம் பாட்ஜைப் பொத்திப் பிடித்துக்கொண்டு போவேன். கடைசியில் ஒருநாள் அவர் தொலைபேசியில், "புது பாட்ஜ் வந்திருக்கிறது, வந்து எடுத்துக்கொள்" என்று சாதாரணமாகச் சொன்னார். நான் கட்டிலில் இருந்து வாய்விட்டு அழுதேன். கணவர் என்ன ஏதென்று ஓடிவந்து, விசயத்தைக் கேட்டு, அவரும் பக்கத்தில் இருந்துவிட்டார்.

அந்தக் கிழமையே, ஞாயிறு மத்தியானம், தம்பி வந்தார். தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு, கையில் ரிபன் கட்டிய கேக் பெட்டி. நான் கதவைத் திறந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகி நின்றேன். அவர் கவனிக்கவில்லை. நேரே கணவரிடம் போனார்.

"அத்தான், காட் வந்திட்டுது. பத்து வருசக் காட்!"

கணவர் முதுகு வலியையும் மறந்து எழுந்து அவரைக் கட்டிப்பிடித்தார். எத்தனை வருடமாக அந்த வதிவிட அட்டைக்காகப் பிறிபெக்ச்சர் அலுவலக வாசலில் தவம் கிடந்த மனிதர் என்பது எங்களுக்குத் தெரியும். எனக்கும் ஒரு கணம் மனம் இளகியது, பொய் சொல்லக் கூடாது.

"இது அக்காவாலதான்" என்றார் தம்பி.

கணவர் என்னைப் பார்த்தார். நான் தம்பியைப் பார்த்தேன்.

"அக்கா உங்களுக்குச் சொல்லேல்லையோ? அண்டைக்குப் பொலிஸ் நிக்கேக்கை நான் உள்ளுக்குத்தான் நிண்டனான். அக்கா என்னைக் கூப்பிட்டிருந்தால் நான் வெளியில வந்திருக்க வேணும். முதலாளி தெரியாதெண்டு சொன்ன பிறகு நான் தெரியுமெண்டு சொன்னால் வேலை போயிருக்கும். வேலை இல்லாட்டில் காட் எங்கை? அக்கா என்னைப் பாத்தவ. கூப்பிட வாயும் திறந்தவ. பேந்து, பாவம் இவன்ர காட் விசயம் எண்டு யோசிச்சு, பேசாமல் விட்டிட்டா." அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. "அதை நான் சாகுமட்டும் மறக்க மாட்டன் அக்கா."

கணவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தவளா நீர் என்ற பார்வை. நான் தலையை ஆட்டிவிட்டால் போதும். தம்பி பழையபடி தம்பியாக இருப்பார், தீபாவளிக்கு வருவார், குசினிக்குள் போய்ச் சோறு போடுவார். என் பாட்ஜ் என்ன ஆனது என்று அவர் இன்னும் கேட்கவில்லை.

"தம்பி" என்றேன். இந்த முறை சொல் சிக்காமல் வந்தது. "நான் உம்மைக் கூப்பிட்டனான். சத்தம்தான் வரேல்லை."

அவர் சிரிக்கப் பார்த்தார். பிறகு கேக் பெட்டியை மேசையின் ஓரத்தில் மெல்ல வைத்தார்.

"அப்ப, நான் அங்காலை திரும்பினது..."

"கண்டனான்" என்றேன்.